மயில்கழுத்து நிறம் போதவில்லை

ஜூன் 16, 2024. ஞாயிறு

இன்று மாலை ஐந்து மணியளவில், கடுகு மஞ்சளை இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு மாற்றுவதென்று முடிவெடுக்கப்பட்டது. முடிவு ஏகமனதானது. வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லாதது இதற்குப் பெரிதும் உதவியது.

பின்னணியையும் எழுதி வைக்கிறேன். மே மாதம் தைராய்டு அறுவைசிகிச்சை. கட்டியை எடுத்தார்கள், கூடவே குரலும் போயிற்று. இடது குரல்நாண் அசையவில்லை. "நரம்பு தூங்குது மேடம், ஆறு மாசம் பாப்போம்" என்றார் டாக்டர். தூங்குகிற நரம்பை எழுப்ப மருந்து கிடையாதாம். காத்திருப்பதுதான் சிகிச்சை. காத்திருப்பவர்களுக்குக் கைவேலை நல்லது என்று எங்கோ படித்தேன். ஆகவே துண்டுத்துணிப் போர்வை. சதுரங்களாக வெட்டி, கட்டிலில் பரப்பி, நிறங்கள் ஒத்துவந்த பிறகு மேல்துணியாகத் தைத்து, அடியில் பஞ்சு வைக்க வேண்டும். கீழ்க்கட்டளையில் போர்வை தேவைப்படும் குளிர் வருடத்துக்கு நான்கு நாள் இருக்கும். இருக்கட்டும்.

துணிக்குக் குறைவில்லை. சர்ச் கொயரில் எனக்கு இருபது கிறிஸ்மஸ், இருபது சேலை. ஒவ்வொரு வருடமும் கமிட்டி ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும், பெண்கள் எல்லோரும் அந்த நிறத்தில் நிற்போம். அதன் பிறகு கல்யாண ஆராதனை, அடக்க ஆராதனை என்று வரும்போது "2014 கட்டிட்டு வாங்க" என்று தகவல் வரும். எந்த வருடத்துச் சேலையையும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. கமிட்டியின் ரசனை இப்போது என் கட்டிலில் கிடக்கிறது: தக்காளி, பிஸ்தா, ஆஸ்பத்திரி நீலம், இரண்டு வகைச் சாம்பல், கடுகு. இவற்றுக்கு நடுவே 2017இல் மட்டும், தவறுதலாக, ஒரு நல்ல நிறம். மயில்கழுத்து. அனகாபுத்தூரில் சொல்லி நெய்து வாங்கியது.

வெட்டுவதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். இடுப்பில் செருகும் உள் ஓரத்திலிருந்து ஒரு பட்டை மட்டும். கட்டினால் வெளியே தெரியாது. ஆறு மாதம் கழித்து எந்தச் சேலை தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 17

கடுகு மஞ்சள் மீண்டும் இடது மேல் மூலைக்கு.

ஜூலை 4, வியாழன்

கல்லூரி நூலகத்தில் நூலகருக்குக் குரல் போனதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் நூலகம் நூலகம் மாதிரி இருக்கிறது என்று முதல்வர் பாராட்டினார். மாணவர்கள் என்னிடம் பேசும்போது அவர்களும் கிசுகிசுக்கிறார்கள். ஒரு பையன் தாமதக் கட்டணத்தை ரகசியம் போல என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான்.

ஜூலை 21, ஞாயிறு

முதல் முறையாகச் சபையாரோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐசக் வழக்கம்போல் கொயரில், ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையில். கணவர் பாடுவதை முன்னாலிருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. அவர் புருவம் இவ்வளவு வேலை செய்யும் என்று தெரியாது.

ஒரு கண்டுபிடிப்பு. எனக்கு எந்தப் பாட்டின் மெட்டும் தெரியாது. ஆல்ட்டோ மட்டும்தான் தெரியும், மெட்டுக்கு அடியில் ஓடுகிற அந்த இரண்டாம் குரல். நான்கு குரலாகக் கேட்டால் அழகு. தனியாகப் பாடினால், பாடுகிறவள் வேறு ஏதோ பாட்டுக்குள் வழிதவறிப் போனது போல இருக்கும். பாடிப் பார்த்தேன். காற்று வந்தது, நடுவில் கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்திலிருந்த ஒரு அம்மா கைப்பையிலிருந்து ஒரு விக்ஸ் மிட்டாயை எடுத்து என் மடியில் வைத்தார். நன்றி சொன்னேன். அதுவும் காற்றாகத்தான் போயிற்று.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நிறங்களைப் பற்றி எங்கள் நூலகத்தில் இருக்கும் மூன்று புத்தகங்களையும் படித்து முடித்தேன். முதல் இரண்டும் தவறு என்கிறது மூன்றாவது. கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டுமாம், எது முதலில் தெரிகிறதோ அதுதான் தொந்தரவு. பாதி மூடினேன். கடுகு. முழுவதும் மூடினேன். அப்போதும் கடுகு.

ஐசக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து உப்புமா, வீட்டுக் கடன், என் கழுத்துத் தழும்பு, எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்பு. வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த மஞ்சள் மட்டும் கொஞ்சம் கத்துது" என்றார். பாடுகிறவரின் காது, என்ன இருந்தாலும்.

இடது பக்கம் முழுவதும் கனம். பக்கத்தில் மயில்கழுத்து இன்னும் பத்துப் பன்னிரண்டு சதுரம் இருந்தால் கடுகு அடங்கிவிடும். ஆனால் அந்தச் சேலையின் பட்டை தீர்ந்துவிட்டது. இனிமேல் வெட்டினால் கட்ட முடியாது.

வெட்டவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

கிறிஸ்மஸ் ப்ராக்டிஸ் தொடங்கிவிட்டது. ஆல்ட்டோவில் ஆள் குறைகிறதென்று கோவிலம்பாக்கத்திலிருந்து ஜீவிதா என்று ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். ஐ.டி. வேலை, சங்கீதம் படிக்கத் தெரியும். எல்லாம் தற்காலிகம்தான் என்று ஐசக் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

எந்த இடத்தில் நிற்க வைத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். ஓரத்தில், ஜன்னல் பக்கம் என்றார். அங்கே ஒரு இடம்தான் உண்டு.

செப்டம்பர் 22

கடுகைச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் காலமாகிவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை விடுமுறை. வேளச்சேரியில் எல்லோரும் வெள்ளத்துக்குப் பயந்து காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டார்களாம். எங்களிடம் இருப்பது ஒரு பைக். அதைப் போர்டிகோவில் ஏற்றிவிட்டு ஐசக் நாள் முழுவதும் பேஸ் பயிற்சி செய்தார். அவருக்கு வரும் வரிகளுக்கு நடுவே நாலைந்து தாளம் சும்மா இருக்கும். அந்த இடத்தில்தான் ஆல்ட்டோ நுழையும். அவர் எண்ணிக்கொண்டு நின்றார். நானும் அடுத்த அறையில் எண்ணிக்கொண்டு இருந்தேன். அவர் தன் வரியைச் சரியாகத் தொடங்கினார்.

இன்று முழு அடுக்கையும் கலைத்து, தொடக்கத்திலிருந்து அடுக்கினேன். பழைய அடுக்கே இதைவிட நன்றாக இருந்தது. அதைப் படம் எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்கள். என் தொண்டையை நானே பார்த்தேன். வலது பக்கம் கதவு போலத் திறந்து மூடுகிறது. இடது பக்கம் அப்படியே நிற்கிறது.

"இனிமே பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேணாம் மேடம். ஒரு இன்ஜெக்ஷன் போட்டா பேச்சு தெளிவாகும்."

பாட்டு என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை.

"பாட்டுன்னா... வீட்டுக்குள்ள ஹம் பண்ணிக்கலாம்."

அவ்வளவுதானா? அவ்வளவுதான் போல. ஆறு மாசமா என்னத்துக்கு — தினமும் காலையில பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஆ, ஈ, ஊன்னு கோழி மாதிரி — யாருக்காக அதெல்லாம்? தண்ணி வேஸ்ட்.

ஐசக் இன்று ப்ராக்டிஸுக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தார். வெள்ளிக்கிழமை போவார். போக வேண்டியதுதான்.

நவம்பர் 17, ஞாயிறு

மதியம் அமலராணி வந்தாள். கொயர் செக்ரட்டரி, மெட்டைப் பாடும் சோப்ரானோ, நல்ல மனசு. நல்ல மனசு என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது, அதையும் குறித்துக்கொள்கிறேன். கூடவே ஜீவிதா, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

சர்ச் கூரை ஒழுகுகிறது, ரிப்பேர் நடக்கிறது, அதனால் இந்த வருடம் புதுச் சேலை கிடையாது, பழையதில் ஒன்றைக் கட்டுவது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம்.

"எல்லாரும் ஒரே வாயா 2017ன்னுட்டாங்க எப்சிக்கா. அது ஒண்ணுதானே உருப்படியான கலர். எல்லார்கிட்டயும் பத்திரமா இருக்கு. இவளுக்குத்தான் இல்ல, அப்ப இவ ஸ்கூல் படிச்சுட்டிருந்தா." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்களோடது சும்மாதானேக்கா இருக்கு?" என்றாள்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அலமாரியில் அயர்ன் செய்து ஹாங்கரில் தொங்குகிறது.

ஜீவிதா அதற்குள் கட்டிலில் இருப்பதைப் பார்த்துவிட்டாள். குனிந்து, தொடாமல், நிதானமாகப் பார்த்தாள். "செமயா இருக்கு ஆன்ட்டி. அந்த மஞ்சள் மட்டும்தான் ஒரு மாதிரி. பக்கத்துல இந்த மயில்கழுத்து இன்னும் கொஞ்சம் வச்சா அடங்கிடும்ல?"

மூன்று புத்தகம், ஐந்து மாதம். அவள் ஹெல்மெட்டைக் கூடக் கீழே வைக்கவில்லை.

கிளம்பும்போது சொன்னாள்: "உங்க பாட்டு புக்தான் ஆன்ட்டி எனக்குக் குடுத்திருக்காங்க. எங்க மூச்சு எடுக்கணும்னு பென்சில்ல எழுதி வச்சிருக்கீங்கல்ல, அதைப் பாத்துதான் பாடறேன்." முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அந்தப் புத்தகம் கொயரின் சொத்து. என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

காலை வேலைக்குக் கிளம்பும் முன் மயில்கழுத்தை வெட்டினேன். முந்தானையில். அங்கேதான் நிறம் நன்றாக விழுந்திருக்கிறது. காரணம் நிறச் சமநிலை, வேறொன்றும் இல்லை. ஆகஸ்டிலேயே தெரிந்த விஷயம்தான்.

— பிறகு ஏன் ஆகஸ்டில் வெட்டவில்லை? சனிக்கிழமை ஏன் வெட்டவில்லை?

சனிக்கிழமை நேரமில்லை.

மாலை வந்து அடுக்கினேன். கடுகைச் சுற்றிப் பன்னிரண்டு சதுரம். கண்ணைப் பாதி மூடினேன். எதுவும் முதலில் தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் சொன்னது சரி.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் அமலராணி பிடித்துக்கொண்டாள். சேலை வெட்டுப்பட்டுவிட்டது, போர்வைக்கு, என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"எப்பக்கா?"

"ஜூன்லயே."

பரவாயில்லக்கா, பாத்துக்கலாம், என்றாள். ஐசக் பைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். அவருடைய கோட்டும் அதே அலமாரியில், அதே கம்பியில்தான் தொங்குகிறது. நான் ஏறியதும் வண்டியைக் கிளப்பினார். கீழ்க்கட்டளை சிக்னலில் தலையைத் திருப்பாமல், "போன வாரம் கூட அலமாரியில பாத்தேனே எப்சி" என்றார்.

பதில் சொன்னேன். பஸ்களின் இரைச்சலில் என் குரல் யாருக்கும் கேட்காது. இந்தக் குரலால் ஒரு வசதி என்று முதன்முதலாகத் தோன்றியது. அவர் திரும்பக் கேட்கவில்லை.

நவம்பர் 30, சனி

புயல். கரண்ட் இல்லை. கை மிஷின் என்பதால் தைக்க முடிந்தது. பாதி மேல்துணி முடிந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

அமலராணி அனகாபுத்தூருக்குப் போய் விசாரித்திருக்கிறாள். ஒரே ஒரு சேலைக்காகத் தறியில் பாவு நூல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நியாயம்தான். பிறகு கடைகளில் அலைந்து ஏறக்குறைய அதே நிறத்தில் ஒன்று வாங்கிவந்தாளாம். கொயர் மாஸ்டர் சுவிசேஷமுத்து சார் அதை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்து, மற்றச் சேலைகளோடு வைத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, நீலம் அதிகம், வரிசையில் தனியாகத் தெரியும் என்றாராம். பிளவுஸ் நிறம் ஒரு சாயல் மாறியதற்காக 2019இல் ஒருவரைப் பெஞ்சுக்கு அனுப்பியவர் அவர். அன்று நாங்கள் எல்லோரும் அது சரிதான் என்று பேசிக்கொண்டோம்.

இதையெல்லாம் ஐசக் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"சரி சார்னு சொல்லுச்சு. வேறென்ன சொல்லும்?"

நாமே சாரிடம் பேசிப் பார்க்கலாமா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். பேசினால் என்ன சொல்வது? ஜூன் என்று மறுபடி சொல்ல வேண்டும். ரசம் ஊற்றினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பஞ்சு வைக்கக் கொடுத்திருந்த போர்வை தாம்பரம் மெத்தைக் கடையிலிருந்து வந்துவிட்டது. பஞ்சு ஒரே சீராக இருக்கிறது. நிறம் எங்கும் இடிக்கவில்லை. கட்டிலில் விரித்து ஐசக்கைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ப்ராக்டிஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். நேரம் இருந்தது.

டிசம்பர் 19

வியர்க்கிறது. போர்வையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

டிசம்பர் 25, புதன்

விடியற்காலை ஆராதனை. கூரை ரிப்பேர் முடிந்துவிட்டது. கொயர் எழுந்து நின்றபோது பெண்கள் வரிசை முழுவதும் மயில்கழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே துணியை விரித்துப் பிடித்தது போல இருந்தது. நன்றாகப் பாடினார்கள். ஜன்னல் பக்கத்து இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். முடிந்ததும் ஐசக் கொயர்காரர்களோடு காலை உணவுக்குப் போனார். நான் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

ஆராதனை முழுவதும் ஜீவிதா என் பெஞ்சில், அந்தப் பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சுடிதார் போட்டிருந்தாள்.