தேருக்குப் பின்னால்

ஊஸ்டர், 2.7.2024

அன்புள்ள அம்மா,

போனில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். ஒப்பரேசன் செய்த முழங்காலை இன்று டொக்டர் பார்த்தார். இனிப் பாயலாமாம். பின்னேரமே ஜிம்னாஸ்டிக் கூடத்துக்குப் போய், அரைச் சாண் அகலப் பால்க்கன் மரத்தில் ஏறிக் கரணம் அடித்தேன், விழவில்லை. செப்டெம்பர் போட்டிக்கு என் பெயரும் போயிருக்கிறது. இதற்காக ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என்று சித்தப்பா இனிச் சொல்லட்டும் பார்ப்போம்.

உங்கள் வேணுகா

ஓல்டன், 5.7.2024

என்ரை செல்லம்,

ரெயினில வாசிச்சு அழுதன். பக்கத்தில இருந்த வெள்ளைக்காரி டிஷ்யூ தந்தவ. உனக்கு ஒப்பரேசன் நடந்த அண்டைக்கே நேர்ந்துபோட்டன், கால் சுகமானால் நீ அம்மன் கோயில் தேருக்குப் பின்னால அடி அழிப்பாய் எண்டு. அடிக்கு அடி முழந்தாளிட்டு விழுந்து கும்பிட்டு எழும்புறது உனக்கென்ன, காத்தில கரணம் அடிக்கிறவள்! அடுத்த சனிக்கிழமை தேர், வெள்ளன வா.

அம்மா

ஊஸ்டர், 18.7.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் போனை எடுக்காதது கோபத்தால் அல்ல.

தேர் கார் நிற்பாட்டும் இடத்தைத் தாண்டித் திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். நீங்கள் தண்ணீர்ப் போத்தலோடு, "எழும்படி ராசாத்தி" என்றபடி பின்னால் வந்தீர்கள். எழும்பினேன். மரத்திலிருந்து விழுந்தால் உடனே ஏற வேண்டும் என்றுதான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். முழுச் சுற்றும் முடித்தேன். நான் அழுததைப் பார்த்து, அம்மன் இறங்கிவிட்டா என்று எல்லாருக்கும் சொன்னீர்கள்.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். முன்பு அறுந்த அதே சவ்வு. இன்னொரு ஒப்பரேசன் செய்தாலும் நடக்கலாமே தவிர, இனிப் பாய முடியாதாம். பயிற்சியாளர் கை தந்து அணியிலிருந்து அனுப்பினா. என் லொக்கரில் இப்போது, என் இடத்துக்கு வந்த ரிஷானியின் பெயர்.

வேணுகா

ஓல்டன், 22.7.2024

என்ரை பிள்ளை,

சாப்பாடு இறங்கேல்லை. ஆனால் நீ ஒருக்கா விழுந்து எழும்பினவள், திரும்பவும் எழும்புவாய். நேர்த்தியில ஏதோ குறை விட்டிட்டம் போல. அடுத்த தேருக்கு உனக்காக நானே அடி அழிக்கிறன் எண்டு நேர்ந்திட்டன். வீட்டை வா, குஞ்சு.

அம்மா

ஊஸ்டர், 9.11.2024

அன்புள்ள அம்மா,

இங்கேயே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டிலிலிருந்து எழும்ப முடியாதவர்களைப் பிடித்து நிமிர்த்தி விட வேண்டும். படிகளில் மட்டும்தான் கால் நோகிறது.

வீட்டுக்கு நான் வரமாட்டேன். கதவைத் திறந்ததும் முதலில் என் காலைத்தான் பார்ப்பீர்கள். பிறகு சாமிப் படத்தைப் பார்ப்பீர்கள்.

அம்மா, நான் இனி எழும்பமாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்காக நேர்ந்ததை விட்டுவிடுங்கோ. உங்கள் முழங்காலாவது இருக்கட்டும்.

வேணுகா