துரை முன்னால் பத்து நிமிஷம்

மாசி 8, திங்கள்.
காலையிலேயே வெயில். டைப் மெஷினுக்கு ரிப்பன் மாற்றினேன், விரலெல்லாம் கருப்பு. பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் எங்கள் ஜின்னிங் பாக்டரி, எஞ்சினை விட்டுப் பைக்காரா அருவிக் கரண்டுக்கு மாறிய பிறகு சத்தம் குறைவு. தூசி அதே.

மெட்ராஸ் கம்பெனித் துரை வியாழன் வருகிறார். பஞ்சு பிடித்தால் சீசன் முழுக்க எங்களிடம் வாங்குவார். முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. என்னைக் கூப்பிட்டார். "ஏனப்பா சாமுவேலு, லெட்டர் எழுதற மாதிரியே பத்து நிமிசம் நின்னு பேசிப்போடு. தொரை திருப்தியாப் போகலீன்னா, மெட்ராஸ்ல இருந்து ஒரு பி.ஏ.வைக் கொண்டாந்து உன்ற நாற்காலில உக்கார வெக்க வேண்டியதுதான்."

ஏழு வருஷ நாற்காலி. அப்பா இதே முதலாளி தோட்டத்தில் பருத்தி எடுத்தவர்.

மாசி 9, செவ்வாய்.
பேச்சு எழுதியாயிற்று. மூன்று பக்கம். 'ஐ பெக் டு ஸ்டேட்', அதாவது பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், அது மட்டும் ஆறு இடத்தில். லெட்டர் எழுதி எழுதி, அது இல்லாமல் பேனா நகர மாட்டேன் என்கிறது.

வாங்க: சோப்பு, ஷூ பாலிஷ், நல்லெண்ணெய். கோட்டு இரவல், வக்கீல் குமாஸ்தாவிடம்.

எஸ்தரை உட்கார வைத்துப் பேசிக் காட்டினேன். என் மனைவியும் இதே பாக்டரிதான், பருத்தியில் சருகு பொறுக்குகிறாள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. முழுசும் கேட்டாள். "ஏனுங்க, காயிதத்தையே பாத்துட்டு நிக்கறீங்க. பஞ்சு எங்கீங்க?"

கோபம் வந்தது. பேச்சைக் கேள் என்றால் பஞ்சைக் கேட்கிறாள். சாப்பாடு வேண்டாம் என்றேன். கொஞ்சம் கழித்து நானே போட்டுச் சாப்பிட்டேன்.

மாசி 10, புதன்.
கோட்டு வந்தது. கருப்பு. கை நீளம், வேர்வை நாற்றம். துரைக்கு இளநீரா டீயா என்று ஆபீசில் ஒரு மணி நேரம் வாதம். ரெண்டும் என்று முடிவு.

மாசி 11, வியாழன்.
முழுசும் எழுத வேண்டும், ஒன்றும் விட்டுவிடக் கூடாது.

பதினோரு மணிக்குத் துரை. உயரம், சிவந்த கழுத்து, கையில் சின்ன நோட்டு. பஞ்சு அம்பாரத்துக்குப் பக்கத்தில் முதலாளி, நான். ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடிந்ததும் காகிதத்தில் இல்லாததைச் சொல்லித் தொலைத்தேன். எங்களுடையது சின்ன இடம், சார். பஞ்சும் ஏதோ சுமார்தான், சார். நல்ல இங்கிலீஷில், தப்பில்லாமல்.

நம் வழக்கம் அது. பத்துப் பதார்த்தம் செய்து வைத்துவிட்டு "ஒண்ணும் விசேசமில்லீங்க" என்றுதான் இலை போடுவோம். வந்தவர் "ஏனுங்க அப்படிச் சொல்றீங்க, இதுக்கு மேல என்னங்க வேணும்" என்பார். துரையும் அப்படி மறுத்துச் சொல்வார் என்று காத்து நின்றேன். "ஐ ஸீ" என்றார். நோட்டை மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியாத முதலாளி சிரித்துக்கொண்டே இளநீரை நீட்டினார்.

நாற்காலி போயிற்று. அப்போதுதான் எஸ்தர் கேட்டது நினைவுக்கு வந்தது. பஞ்சு எங்கீங்க?

காகிதத்தைப் பையில் திணித்தேன். அம்பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி. ரெண்டு கட்டைவிரலால் இழுத்து, அடுக்கி, மறுபடி இழுத்து, மிஞ்சிய இழைகளைக் கருப்புக் கோட்டின் கைமேல் படிய வைத்தேன். கம்போடியா ரகம், எல்லாம் ஒரே நீளம். சருகுத் தூள் ஒன்று கிடையாது. "லுக், சார். கம்போடியா. லாங். க்ளீன்." அவர் கையிலும் ஒரு பிடி. "யூ புல், சார்."

இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

நான் சுமார் என்றது மரியாதைக்குச் சொன்னது, சார், இது ரொம்ப நல்ல பஞ்சு என்றேன் இங்கிலீஷில், நேராக முகத்தைப் பார்த்து. துரை சத்தமாகச் சிரித்தார். நோட்டு திறந்தது. பிறகு அரை மணி நேரம் கேள்வி, எல்லாவற்றுக்கும் பதில். 'ஐ பெக் டு ஸ்டேட்' ஒரு தடவைகூட வரவில்லை!

கோட்டில் ஒட்டிய பஞ்சை எஸ்தர் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே சிரிப்பு.

மாசி 13, சனி.
தந்தி! சீசன் முழுக்க எங்கள் பஞ்சுதான். நானே படித்துச் சொன்னேன். முதலாளி தோளைத் தட்டினார். "பி.ஏ.வும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன்ற நாற்காலிய ஆரு கேக்கறது?" பாக்டரி முழுக்கக் காபி.

சருகு பொறுக்கும் பெண்கள் சுற்றி வந்துவிட்டார்கள், நடுவில் எஸ்தர். ஒருத்தி கேட்டாள். "ஏனுங்க, தொரைகிட்ட எப்படித்தான் பேசினீங்க?"

"ஏதோ..." என்று வாய் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசுனேனுங்க. பஞ்சு எஸ்தர் பொறுக்குனதுங்க."