கவிழ்த்தா, நிமிர்த்தியா?

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பகலில் எழுத உட்கார்ந்தால் இனியா பேனையைப் பிடுங்கி என் கையிலேயே கீறுகிறாள். அவள் உறங்கி, இவரும் உறங்கி, குசினி துடைத்து முடிய இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. நீங்கள் கீழ் வீட்டில் இருந்த காலத்திலும் நான் நேரம் காலம் பார்த்து உங்கள் கதவைத் தட்டியவள் அல்ல. பழகியிருப்பீர்கள்.

என் விரல்களில் மரப்பசை மணக்கிறது. கூடவே பச்சை உருளைக்கிழங்கும் மணக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து மணந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓம், நாலாவது படகைச் செய்து முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மதுரா மெல்பேர்ணுக்குப் போகிறாள். யூனியில் இடம் கிடைத்துவிட்டது. கேரம் டவுன்ஸில் உங்கள் தம்பி வீட்டில் தங்கப் போகிறாள். நீங்கள் போன பிறகு பள்ளிப் படிப்பு முடியும் மட்டும் எங்களோடுதான் இருந்தாள். போன கிழமை உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அன்ரி, அம்மாட ஷிப்பை நான் கொண்டு போகட்டா?" என்று கேட்டாள். உங்கள் மகள் கேட்டு நான் இல்லை என்பேனா? ஆனால் படகுகளை ஒட்டாமல் அனுப்ப முடியாது. பத்து மணி நேரக் கார் ஓட்டத்தில் நாலும் நாலு பக்கம் உருண்டுவிடும். எப்படி ஒட்டுவது என்ற சண்டையை முடிக்காமல் நீங்கள் போய்விட்டீர்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கப்பலை வீட்டுக்குக் கொண்டுவந்ததே ஒரு கூத்து. கவுன்சில்காரர் பழைய சாமான்களை அள்ளிப்போகும் நாளுக்கு முதல் நாள், பென்டில் ஹில் முழுவதும் புல்தரை ஓரங்களில் மெத்தையும் ரீவியும் குவிந்து கிடந்தன. காலை வேலை முடிந்து வந்த நீங்கள், என்னையும் இனியாவையும் கூட்டிக்கொண்டு சாமான் வாங்கப் போனீர்கள். ஓர் உடைந்த மேசைக்குக் கீழே அது கிடந்தது: ஒரு முழ நீளத்தில், மூன்று பாய்மரம் வைத்த ஒரு பொம்மைக் கப்பல், யாரோ முக்கால்வாசி கட்டிவிட்டு வெறுத்துப்போய்த் தூக்கி எறிந்தது. உங்களுக்குக் கண் மின்னியது. முதியோர் இல்லத்துக் குசினியில் நாள் முழுக்கக் கஞ்சி காய்ச்சுகிற பெண்ணுக்குக் கப்பல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருந்த ஒரே கேள்வி, அதில் இனியாவின் தொண்டைக்குள் போகக்கூடிய துண்டுகள் எத்தனை என்பதுதான்.

நீங்கள் குழந்தையைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கி என் கையில் தந்துவிட்டுக் கப்பலை அதில் ஏற்றினீர்கள். பெல்ட்டும் போட்டீர்கள். வழியில் பலசரக்குக் கடை அன்ரி குழந்தையைக் கொஞ்ச ஆசையாகக் குனிந்தவர், பாய்மரம் மூக்கில் இடித்து நிமிர்ந்தார்.

"ஐயோ, பிள்ளை எங்கயடி?"

"பிள்ளைக்குக் கால் இருக்கு அன்ரி. இதுக்கு இல்லையே" என்றீர்கள். பதினாலு மாதக் குழந்தைக்கு.

கப்பலோடு கிடந்த பெட்டியில் வழிகாட்டிப் புத்தகம் இல்லை. மேல்தட்டில் வைக்க வேண்டிய சின்னப் படகுகளும் இல்லை. அவற்றுக்கு நாலு இடம் மட்டும் கோடு போட்டிருந்தது. பெட்டியின் மேல் படம் இருந்தது உண்மைதான். ஆனால் மழைத்தண்ணீர் ஊறி, சரியாகப் படகுகள் இருந்த இடம் பூஞ்சணம் பிடித்திருந்தது. நம்முடைய பிரச்சினை எல்லாவற்றுக்கும் அந்தப் பூஞ்சணம்தான் காரணம்.

படகுகளை நாமே செய்வோம் என்றீர்கள். நம் இருவருக்கும் ஆணி அடிக்கவே தெரியாது. கோப்பி கலக்குகிற மரக்குச்சிகள் போதும், மெல்லியவை, சுடுதண்ணீரில் ஊறவைத்தால் வளையும் என்றீர்கள். ஸ்டேஷன் கோப்பிக் கடையில் ஒரு கோப்பி வாங்கி, கைப்பிடிக் குச்சி அள்ளினீர்கள். கடைப் பெட்டை பார்த்தாள். "ஐ லைக் டு ஸ்டிர்" என்று அவளுக்கு விளக்கமும் கொடுத்தீர்கள்.

குச்சியை வளைத்துப் பிடிக்க ஓர் அச்சு வேண்டுமே. சவுக்காரத்தைப் படகு மாதிரிச் செதுக்கினோம். ஈரக்குச்சி பட்டதும் அது நுரைத்தது. கொஞ்ச நேரத்தில் மேசையில் கப்பல் இல்லாமலே கடல் வந்துவிட்டது. கரட் அச்சில் படகு வட்டமாக வந்தது. கடைசியில் நீங்கள் ஓர் உருளைக்கிழங்கைச் சின்னி விரல் அளவுக்குச் சீவினீர்கள். கீலங்களாக வெட்டிய குச்சிகளை அதன்மேல் ஒவ்வொன்றாக வளைத்து, விளிம்போடு விளிம்பு பசை தடவி, நூலால் சுற்றிக் கட்டினோம். இரண்டு நாளில் கிழங்கு வாடிச் சுருங்கியது. படகு தானாகக் கழன்று கையில் விழுந்தது. கொஞ்சம் கோணல். ஆனால் படகுதான்! நாம் இருவரும் கத்திய கத்தலில் இவர் வேலை மீட்டிங்கை நிறுத்திவிட்டு அறையிலிருந்து ஓடி வந்தார்.

நாலும் முடிந்த அன்றுதான் சண்டை தொடங்கியது. நான் பசையோடு நின்றேன். நீங்கள் ஒரு படகை எடுத்துக் கவிழ்த்து வைத்தீர்கள். நான் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"கவிட்டுத்தான் வைக்கவேணும் பிள்ளை."

"அவசரத்துக்கு எப்பிடியக்கா ஏறுறது? கப்பல் தாழேக்கை ஆராவது படகைப் பிரட்டிக்கொண்டு நிப்பினமே?"

"நிமித்தி வைச்சா மழைத்தண்ணி நிரம்பும். தண்ணி நிரம்பின போட்டிலை ஏறி என்ன செய்யப் போறாய், குளிக்கப் போறியோ?"

"இறைக்கலாம்தானே."

"இறைக்கலாமாம்!" என்று கையை இடுப்பில் வைத்தீர்கள். "நான் வந்த போட்டிலை பதினெட்டு நாள் பால்பேணித் தகரத்தாலை இறைச்சனான். நீ பிளேனிலை ஜூஸ் குடிச்சுக்கொண்டு வந்தனீ. கதைக்க வந்திட்டா."

"பிளேனிலையும் கதிரைக்குக் கீழ லைஃப் ஜக்கெற் ரெடியா இருந்தது. ஆரும் தைச்சுப்போடச் சொல்லேல்லை!"

அப்போது இவர், சமாதானம் செய்கிறவராக, "ரெண்டைக் கவிட்டு, ரெண்டை நிமித்தி வையுங்கோவன்" என்றார். நாம் இருவரும் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் மீட்டிங்குக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஆகவே ஒட்டவில்லை. நாலு படகும் மேல்தட்டில் சும்மா இருந்தன. நீங்கள் வரும்போது கவிழ்ந்திருக்கும், போனதும் நிமிரும். ஒரு வெள்ளிக்கிழமை, தம்பி மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு நீங்களும் மதுராவும் மெல்பேர்ணுக்குப் போனீர்கள். அன்று பின்னேரம் நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று படகு.

நான் கம்பஸில் புள்ளிவிபரவியல் படித்தவள். எதற்கு எவ்வளவு சாத்தியம் என்று கணக்குப் போடத் தெரியும். அதனால் பயம் குறையும் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பாடத்தைப் படிக்காதவர்கள். கதிரைக்குக் கீழ், குப்பைக்குள், இவருடைய சப்பாத்துக்குள் எல்லாம் தேடினேன். இனியா தரையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"அது அவளின்ர வாயை விடப் பெரிசப்பா" என்று கார் ஓட்டும்போது இவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்ரர் எவ்வளவு பெரிது என்று கேட்டார். விரலால் காட்டினேன். மறுபடி கேட்டார், அதைவிடச் சின்னதாகக் காட்டினேன். மூன்றாம் முறை அது ஒரு நெல் அளவுக்கு வந்துவிட்டது. மரம் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார் அவர். இனியா அதற்குள் அவர் கொடுத்த பிஸ்கட்டை முடித்து இரண்டாவதற்குக் கை நீட்டினாள். விழுங்கிய மாதிரித் தெரியவில்லை, வேண்டுமானால் மன நிம்மதிக்கு மூன்று நாள் நாப்பியில் போவதைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மன நிம்மதிக்கு! அந்த மூன்று நாள் நான் நாப்பி பார்த்த மாதிரி எந்த மாணவியும் பரீட்சைத் தாளைப் பார்த்திருக்க மாட்டாள். நீங்கள் இடையில் போன் எடுத்தீர்கள். எல்லாம் சுகம் என்றேன். நீங்கள் ஆசையாய்ச் செய்த படகை என் பிள்ளை தின்றுவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது?

திங்கட்கிழமை பயற்றம் உருண்டையும் சிப்பிப் பலகாரமுமாக நீங்கள் ஏறி வந்தபோது, பல்கனியில் கையுறையோடு, ஐஸ்பழக் குச்சியோடு குந்தியிருந்தேன்.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"உங்கட போட்டை."

நான் அழுதழுது கதையைச் சொல்லி முடித்தேன். நீங்கள் பலகாரப் பையை மெதுவாகக் கீழே வைத்தீர்கள். முகம் ஒருமாதிரிப் போயிற்று. சிரிப்பை அடக்குகிறீர்களா, அழப் போகிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அது முருகனிட்டை இருக்கு" என்றீர்கள்.

முதல் செய்ததை முருகனுக்குக் கொடுக்காமல் நீங்கள் எதையும் தொடங்கியதில்லை. இந்த நாட்டில் முதல் வாங்கிய சம்பளம், பல்கனிச் சாடியில் முதல் காய்த்த பச்சை மிளகாய். அதே வழக்கப்படி, மெல்பேர்ணுக்குப் புறப்படுமுன் மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போய், முதல் படகை உண்டியலில் போட்டிருக்கிறீர்கள். வாயில் நுழையவில்லையாம். சரித்து, தட்டி, பின்னால் நின்றவர் உதவி செய்துதான் உள்ளே போயிருக்கிறது.

"சொல்லியிருக்கலாமே அக்கா! ஒரு வார்த்தை!"

"நேர்த்தியை வெளியில சொன்னாப் பலிக்காது."

"என்ன நேர்த்தி?"

பலகாரப் பையைக் கையுறைக்கு எட்டாமல் தள்ளி வைத்தீர்கள். "நீ பயமில்லாமல் ஒரு ராவாவது முழுசா நித்திரை கொள்ளவேணும் எண்டு."

என் பயம் தீர வேண்டி நீங்கள் வைத்த படகைத் தேடித்தான் நான் என் வாழ்நாளிலேயே மிகப் பயந்த மூன்று நாட்களைக் கழித்திருக்கிறேன். இதை முருகன் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது. நான் உங்களைத் திட்டத் தொடங்கினேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி, பிள்ளைக்கு மூச்சு வருதோ எண்டு பாக்க நடக்கிறாய். நான் நேர கீழ படுத்திருக்கிறன். தொம், தொம், தொம். விடிய அஞ்சுக்கு எனக்கு வேலை. உனக்காக மட்டும் வேண்டினனான் எண்டு நினையாதை."

ஒவ்வொரு இரவும் நான் தனியாகத்தான் விழித்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கீழே ஒருத்தி என் காலடியை எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அதன்பிறகு நான் வெறுங்காலோடு, விரல் நுனியில் நடந்தேன். கொஞ்ச நாளில், இவ்வளவு கஷ்டப்பட்டு நடப்பதற்குப் படுத்தே கிடக்கலாம் என்று தோன்றத் தொடங்கியது. உங்கள் நேர்த்தி பலித்ததா என்று கேட்டால், பத்துக்கு ஆறு தருவேன். இப்போது இரவில் ஒருமுறைதான் எழும்புகிறேன். கீழ் வீட்டில் வேறு ஆட்கள். ஆனாலும் விரல் நுனியில்தான் நடக்கிறேன்.

நாலாவது படகைப் பிறகு செய்வோம் என்றீர்கள். பிறகு என்பது வரவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு காலை, வேலையில் நெஞ்சு நோகிறது என்று உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் படகுக்கே திரும்புகிறேன்.

இந்தக் கிழமை முழுவதும் தனியாக இருந்து கிழங்கு சீவினேன். முதல் மூன்று கிழங்கும் கறிக்குப் போயின. நாலாவதில் வந்த படகு உங்களுடையதை விடக் கோணல், ஆனால் ஒழுகாது. கோப்பைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். குச்சியைக் குனிந்து குனிந்து வளைக்கும்போதெல்லாம் நீங்கள் சொன்ன பால்பேணிதான் நினைவில் வந்தது. பதினெட்டு நாள். மதுரா அப்போது உங்கள் மடியில் இருந்த பிள்ளை. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் இறைத்திருப்பீர்கள். இதை நீங்கள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. சண்டை பிடிக்க மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. சரி, அக்கா சொன்னதே சரி என்று முடிவெடுத்து, இன்று பின்னேரம் நாலையும் கவிழ்த்து அடுக்கி, பசையைத் திறந்தேன்.

மதுரா பின்னால் வந்து நின்றாள். "அன்ரி, ஏன் அப்சைட் டவுனா வைக்கிறீங்க?"

"அம்மா இப்பிடித்தானே வைக்கச் சொன்னவ."

"நோ, நோ. அம்மா எனக்குச் சொன்னவ, 'அன்ரி நிமித்தித்தான் வைப்பா, விடு, வைக்கட்டும். அவவுக்கு உடன ஏறுற மாதிரி இருந்தாத்தான் நித்திரை வரும்' எண்டு. ஷீ கேவ் அப், அன்ரி. யூ வொன்."

நான் பசையை மூடிவிட்டேன்.

நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்பது உங்களுக்கும் தெரியாது. இப்போது கவிழ்த்தால் நீங்கள் விட்டுக்கொடுத்ததை நான் தள்ளியதாகும். நிமிர்த்தினால், பதினெட்டு நாள் இறைத்தவளின் சொல்லைக் கேட்காதவள் ஆவேன். இரண்டு நிமிர்த்தி இரண்டு கவிழ்த்து என்று இவர் மறுபடி தொடங்கினார். படுக்க அனுப்பிவிட்டேன்.

பசை முழுதாகக் காய ஒரு நாள் வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் தம்பி காரோடு வருகிறார். உங்கள் பிள்ளை ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். வெள்ளி காலைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும், அக்கா. கெதியாய் ஒரு பதில் போடுங்கோ.