நகம் வளரும் வேகத்தில்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நேற்று மலைக்குள் சுரங்கப்பாதை குடையும்போது ஒரு சின்னக் கல் என் ஹெல்மெட்டில் விழுந்தது. பயப்படாதே, வலியே இல்லை. எடுத்துப் பார்த்தால் அதில் சிப்பி!

“ஒரு காலத்துல இது கடலடி. ரெண்டு பெரிய நிலம் முட்டிக்கிட்டு மலையா எழும்பிடுச்சு. இன்னும் முட்டிக்கிட்டுதான் இருக்கு, நகம் வளர்ற வேகத்துல” என்றார் பாறை என்ஜினியர்.

அதிலிருந்து சுரங்கக் கூரையைப் பார்க்கிறேன், நகத்தைப் பார்க்கிறேன். “நகத்த வெட்டிட்டுத் தூங்குய்யா” என்கிறார் என்னோடு அறையில் தங்கியிருப்பவர். ஒட்ட வெட்டிவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை.

ஒரு நல்ல நகவெட்டி அனுப்பு. பாப்பாவை நிற்கவைத்து, உச்சி முதல் பாதம்வரை நூல் பிடித்து அதையும் அனுப்பு. வண்டி ஹாரன் அடிக்கிறது, உள்ளே போகிறேன். நான் பார்க்காமலே பாப்பா இவ்வளவு வளர்ந்துவிட்டதே என்று ஏங்குவேனென்று, என் மனசுக்காக நூலைக் குறைத்து வெட்டிவிடாதே.

பாப்பா அப்பா