நாலு கிளிப் சட்டம்

மகா சப்தமி, 1976

லேக் மார்க்கெட் மகாஜனங்கள் கவனிக்க: இன்று மாலை முதல் எங்கள் கடைச் சமையலறையில் ஆர்டர் சீட்டு குத்தும் ஆணி பதவி நீக்கம் செய்யப்பட்டுவிட்டது. நீக்கியது நான்.

துர்கா பூஜைக் கூட்டம். அப்பா சீட்டுகளை ஆணியில் குத்திக்கொண்டே போனார். தோசை போடும் மணி அண்ணா மேலே இருந்ததை உருவிக்கொண்டே இருந்தார். முதலில் வந்தவர்களின் சீட்டு அடியிலேயே கிடந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்த ஒரு குடும்பம் எழுந்தே போய்விட்டது.

"இன்னொரு சீட்டு குத்தினீங்கன்னா கரண்டிய வெச்சிட்டு ஊருக்கு ரயிலேறிடுவேன்" என்றார் மணி அண்ணா. பூஜை நாளில் அவர் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

நான் கயிறு கட்டி நாலு துணி கிளிப் மாட்டினேன். உள்ளே நாலு சீட்டுதான் தொங்கலாம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது, அதுவும் முதலில் வந்தவருடையது. ஹவுராவில் ரயில் பிடிக்க வேண்டியவருக்கு மட்டும் சலுகை. தோசையோடு நிலைமையும் திரும்பியது. மணி அண்ணா பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"ஏன்டா நாலு?" என்றார் அப்பா.

"அண்ணா ஒரே நேரத்துல நாலு மேசைதான் சமாளிப்பார். மூணு நாளா கவனிச்சுக் கணக்குப் போட்டேன்பா."

தினமும் காபிக்கு வரும் வங்காளி மாமா போஸ் காக்கு என் முதுகில் தட்டி, "கூப் பாலோ" என்றார். ரொம்ப நன்று என்று அர்த்தம்.

நான் எந்தக் கணக்கும் போடவில்லை. மாடிக் கொடியில் உருவ நாலு கிளிப்தான் அகப்பட்டது. மற்றவையெல்லாம் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.