வாயை ஊதுங்கப்பா

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் மறுபடி ரிப்பேர். பார்க்க வருகிறேன் என்றவர் வரவில்லை.

பாரிசிலிருந்து தோமா அண்ணன் பேசினான். பேச்சை விட மூச்சிரைப்புதான் அதிகம் கேட்டது. இத்தனை நாள் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள். இப்போது ஆஸ்துமா இல்லையாம், பரம்பரைக் குறையாம். கல்லீரல் செய்கிற ஏதோ ஒரு புரதம் நுரையீரலுக்குப் போய் அதைக் காக்க வேண்டும். இவனுக்கு அது கல்லீரலிலேயே அடைந்து கிடக்கிறது. அதனால் இரண்டும் கெடும்.

"கூடப் பொறந்தவங்களும் டெஸ்டு எடுத்துப் பாத்துக்கணும்னு டாக்டர் லெட்டர் குடுத்துருக்காரு, ஆத்ரி. அனுப்பிருக்கேன். அப்பா எதுல செத்தாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"குடின்னேன்."

வேறு என்ன சொல்வான்.

ஆகஸ்ட் 8

முகைதீன் பிச்சை லேப்பில் ரத்தம் கொடுத்தேன். "இந்த டெஸ்டு பேரையே இப்பத்தாங்க பாக்குறேன். சென்னைக்கு அனுப்பணும், ரெண்டு வாரம் ஆவும்" என்றார்.

அம்மாவிடம், நீங்களும் கொடுத்தால் நல்லது என்றேன். இந்த வயதில் தனக்கெதற்கு என்று எழுந்து போய்விட்டார். அம்மா அப்படித்தான், ஒர்த்தான்ஸ் அம்மாள் முடிவெடுத்தால் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் நிற்கவில்லை. இரண்டு நாளாக அப்பா ஞாபகம்.

அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு காரைக்கால் திரும்பியவர். சொல்தா என்றால் குடிப்பார் என்பது இங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலும் இந்த ஊர். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர். இங்கே ஒருவருக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளானால் வேறு காரணம் யார் தேடுவார்கள்?

நானும் தேடவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாய் நீளம். சாயங்காலம் அவர் கடற்கரையில் நடந்துவிட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்துவேன். "வாயை ஊதுங்கப்பா." செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, என் முகத்துக்கு நேராக ஊதுவார். வாடை இருக்காது. எதையோ மென்றுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைப்பேன். அலமாரி, கட்டிலடி, மோட்டார் ரூம் எல்லா இடத்திலும் பாட்டில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளிப்பதில் கெட்டிக்காரர் என்று அதற்கும் திட்டினேன்.

இரண்டு வருடம், தினமும் ஊதினார். ஒரு நாள்கூட "நான் குடிக்கலம்மா" என்று சொன்னதில்லை. அதனால்தானே குடிக்கிறார் என்று நம்பினேன்?

ஆகஸ்ட் 27

ரிசல்ட் வந்துவிட்டது. அண்ணனுக்கு இருப்பது அப்படியே எனக்கும். இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் இந்த அளவுக்கு இருக்குமாம் — அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.

அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இருமிக்கொண்டே இருந்தான். "சிகரெட் பிடிக்காம இருந்துருந்தா இவ்வளவு தூரம் வந்துருக்காதுன்றாரு டாக்டர். பதினெட்டு வயசுலேருந்து பிடிக்கிறேன் ஆத்ரி. யாராவது ஒரு வார்த்தை சொல்லிருந்தா..."

யாருக்குத் தெரியும், சொல்வதற்கு.

ஆகஸ்ட் 29

தெரிந்திருக்கிறது.

ரிப்போர்ட்டை அம்மா முன்னால் வைத்து, "இதுல பாதி உங்களோடது" என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? அப்பப் பாத்த பாண்டிச்சேரி டாக்டரே சொன்னாரு, இது குடியால வந்தது இல்ல, பரம்பரையா இருக்கும், பிள்ளைங்களையும் பாக்கணும்னு. அந்த நேரந்தான் வின்சான் வீட்டுலேருந்து உன்னைக் கேட்டு வந்தாங்க. குடிகாரன் வீட்டுல பொண்ணெடுப்பாங்க, இந்த ஊர்ல குடிக்காத வீடு எது? வியாதிக்கார வீட்டுல எடுப்பாங்களா?"

"அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"அவருதான் சொன்னாரு. குடின்னே இருக்கட்டும்னு."

எவ கேட்டா? என்னைக் கேட்டீங்களா? எனக்கு ஒரு கல்யாணம் வேணும்னு அந்த மனுஷன் தினம் என் மூஞ்சில ஊதிட்டு நின்னாரு, நீங்க உள்ளே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அண்ணன் மாடியில சிகரெட் பிடிச்சப்பவும் வாயத் தெறக்கல. அந்தக் கல்யாணமாவது நிலைச்சுதா? பதினோரு வருஷம். வின்சான் பிரான்சுக்குப் போனவன்தான்.

இதையெல்லாம் இங்கேதான் எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நான் எழுந்தபோது அம்மா என் மகளைப் பற்றி மெதுவாகச் சொன்னார்: "ஆன்-லோருக்கு இப்ப டெஸ்டு எடுக்காதடி. வரன் முடியட்டும்."

ஆகஸ்ட் 30

அம்மாவோடு பேசவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், வாசலில் ஊதச் சொன்னது உட்பட. ஆன்-லோர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "லேப் எத்தனை மணி வரைக்கும்மா?" என்றாள்.

அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். "இங்க ஃபைல்ல குடின்னு எழுதி வச்சிருக்காங்க. நாளைக்குப் போயி அந்த வார்த்தைய அடிச்சிடச் சொல்றேன்" என்றான்.

செப்டம்பர் 19

ஆன்-லோருக்கு ஒரு பக்கத்துக் குறை மட்டும். என்னிடமிருந்து வந்தது. பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம், புகை மட்டும் கூடாது. வரன் வீட்டுக்கு அவளே போன் செய்து சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். யோசிக்கட்டும்.

அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. வரவழைக்கவும் தோன்றவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

புதுச்சேரியில் ஆஸ்பத்திரி. ஆன்-லோர் கூட வந்தாள். முதலில் மூச்சுப் பரிசோதனை. மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயை வைத்து, அந்தப் பெண் சொன்னாள்: "ஊதுங்கம்மா. நல்லா ஊதுங்க. இன்னும், இன்னும்." மூன்று முறை. மூன்றாவது முறை அழுகை முட்டி, ஊத வரவில்லை. தண்ணீர் கொடுத்து மறுபடி எடுத்தாள். நுரையீரல் பரவாயில்லை என்றார்கள்.

கல்லீரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஸ்கேனில் தழும்பு ஆரம்பித்திருக்கிறது.

சின்ன வயது டாக்டர். ரத்த ரிப்போர்ட்டையும் படித்துவிட்டுத்தான் கேட்டார்: "குடிப்பழக்கம் உண்டாம்மா?"

"இல்ல."

"தப்பா நினைக்காதீங்க, உண்மைய சொன்னாதான் வைத்தியம் பாக்க முடியும். எப்பவாவது, விசேஷத்துல?" ஃபைலைத் திருப்பிப் பார்த்தார். "ஊரு காரைக்காலா?"

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மேஜை மேல் கையூன்றி, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தேன்.

"ஊதிக் காட்டட்டுமா டாக்டர்?" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். ஆன்-லோர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.