பிடித்துத் தைத்த அளவுச்சட்டை

போடி,
12.11.1974

அன்பு மகள் ஞானசெல்விக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை தைக்க நீ அனுப்பிய அளவுச்சட்டையைத் தையல்காரரிடம் கொடுக்கும் முன் புரட்டிப் பார்த்தேன். இரண்டு விலாவிலும் உள்ளே பிடித்துக் கைத்தையல் போட்டிருக்கிறது, அதற்கும் உள்ளே இன்னொரு தையல். உன் கைத்தையல் எனக்குத் தெரியாதா? விடுதிச் சாப்பாட்டில் சதை போட்டுவிட்டேன் என்று எழுதுகிறவள் சட்டையை ஏன் பிடிக்க வேண்டும்? முதலில் விடுதிச் சமையல் மேல்தான் சந்தேகம், அப்புறம் உபவாச ஜெபம் என்று எதுவும் ஆரம்பித்துவிட்டாயோ என்று. நேற்று நம் கடைக்கு வந்த பொன்னுராஜ் மாமாவைத் தூண்டிக் கேட்டேன். உன் அறையில் இருக்கும் அவர் மகள் செல்வமணி வீட்டில் சொன்னாளாம், "ஞானம் காலையில இட்லியத் தொடவே மாட்டா, கடுங்காப்பி மட்டுந்தான், அவுக அம்மா குடுத்த எள்ளுருண்டை பூராம் எங்களுக்குத்தான்" என்று.

அதன்பிறகுதான் மே மாதம் வடுகபட்டிக் கல்யாணத்தில் நடந்தது மனதில் வந்தது. பந்தியில் உன் சுகிர்தம் அத்தை, "ஆத்தா ஞானம், ஏலக்கா மூட்டையாட்டம் உருண்டு வந்திருக்கியே, உன்னையத் தூக்குற மாப்பிள்ளை எங்கன இருக்காக?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், ஆனால் பாயசத்தை ஒதுக்கிவிட்டு வயிறு வலிக்கிறது என்று எழுந்து போனாய். அந்த வயிற்றுவலியை இப்போது நான் நம்பவில்லை. பதினைந்து வயதில் உடம்பு கொஞ்சம் பூசத்தான் செய்யும், மனையியல் படித்தவள் சொல்கிறேன். நம் வீட்டு உடல்வாகும் அப்படித்தான், அத்தையே பாவாடை கட்டிய வயதில் எப்படி இருந்தார்கள் என்று அப்பாவைக் கேள். எலும்புக்கும் இரத்தத்துக்கும் சேர்க்க வேண்டிய வயதில் காப்பித்தண்ணீர் குடித்தால் போதுமா? பருப்பு, கீரை, முட்டை எதையும் தள்ளாதே.

இன்னொன்று, இந்தக் கடிதத்தை அப்பாவுக்குக் காட்டவில்லை. காலாண்டு லீவில் மாதாமாதம் வேண்டுமே என்று பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கொடுத்தபோது, "போன தடவ குடுத்ததே அப்படியே இருக்கும்மா" என்று தள்ளிவிட்டாய். அது ஏன் செலவாகாமல் இருந்தது? உடம்பைப் பட்டினி போட்டால் அதுவும் நின்றுபோகும், எத்தனை மாதமாக வரவில்லை? என்னைச் சமாதானப்படுத்த எதுவும் எழுதாதே, உள்ளதை எழுது, திட்டமாட்டேன்.

கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. எப்படியும் சனிக்கிழமை புறப்பட்டு வருகிறேன். டாக்டரம்மாவிடம் போகிறோம், மறுக்காதே, உன் அத்தைக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியவராது.

உன் அம்மா,
சொர்ணலதா